தோட்டத்துப் பக்கம் போதை மீட்பு வேலை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் போதையில் சிக்கியவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் எங்கள் சிறு குழுவில் இப்போது இளைஞர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் பழைய ஆட்கள் ஆரம்பத்தில் செய்ததையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். கையில் காசு கொடுக்காதே, ஊரார் முன்னால் திட்டாதே என்பதெல்லாம் இங்கே இருக்காது. அவை உங்களுக்கே தெரியும்.

## இனக் கணக்கை வைத்து ஊரைப் படிப்பது

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. எங்கள் ஊரில் அந்தப் பங்கு இதைவிட நன்றாகவே அதிகம். இதைக் கேட்டதும், "அதனால்தான் இங்கே இவ்வளவு பிரச்சினை" என்று புதிதாக வந்தவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணிலிருந்து ஒரு வீட்டைப் பற்றிக்கூட எதுவும் தெரியாது.

யார் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தில் ஆள் தேவை குறைந்தது. லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள் டவுன் ஓரத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) மலிவு வீடுகளிலும் குடியேறினார்கள். இன்றைக்குப் பல தோட்டங்களில் குலை வெட்டுபவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். நம் வீட்டுப் பையன் ஈப்போ பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறான், இல்லையென்றால் லாரி ஓட்டுகிறான். தூக்கத்தைத் தள்ளிப்போடத்தான் இவர்களில் பலர் முதலில் சியாபு (மெத்தாம்பெட்டமின் என்னும் ஊக்கப்பொருள்) தொடுகிறார்கள். அதே வீட்டில் அப்பாவுக்கு ஹெராயின் பழக்கம் இருந்திருக்கும். தாத்தாவைச் சம்சு என்கிற மலிவுச் சாராயம் தின்றிருக்கும். ஒரே கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை, மூன்று பொருள், மூன்று வேறு சிகிச்சை.

ஆகவே முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது: வயது, வேலை, ஷிப்ட் நேரம், என்ன பொருள், புகையா ஊசியா, எப்போதிலிருந்து. நீங்கள் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்லலாம்.

## அறையில் பூட்டி வைப்பது

வேண்டாம். வருடக்கணக்காகத் தினமும் சம்சு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

## கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பது

இன்னொரு வீட்டுப் பெண்ணை இதில் இழுக்காதீர்கள்.

## போலீஸில் பிடித்துக் கொடுக்கச் சொல்வது

வேறு வழி தெரியாமல் இதைச் செய்யும் அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். யோசனை கொடுக்கும் தொண்டர்களைத்தான் சொல்கிறேன். "நாலு நாள் லாக்கப்பில் இருந்தால் புத்தி வரும்" என்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவில் வழக்கு வரலாம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் அந்தப் பதிவும் கூடவே வரும்.

போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்றே 1983இல் தனிச்சட்டம் வந்தது. தானாக முன்வந்து சிகிச்சை கேட்க அதில் இடம் இருக்கிறது. ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே உட்காருங்கள். வீட்டில் அடிதடி, கத்தி என்று போனால் அது வேறு கதை. அப்போது யோசிக்காமல் 999.

## மெத்தடோனும் போதைதானே என்று நிறுத்தச் சொல்வது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாற்பது தாண்டிய ஒருவர். ஹெராயினில் வாலிபத்தைத் தொலைத்தவர். அரசாங்கக் கிளினிக்கில் ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்தான மெத்தடோன் எடுக்க ஆரம்பித்து, சில வருடங்களாக மோட்டார் பட்டறையில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கிளினிக், அப்புறம் பட்டறை, சாயங்காலம் வீடு. மகளின் பள்ளிக் கட்டணம் பாக்கி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு தொண்டர் அவரிடம், "அண்ணே, அது மட்டும் என்ன, அதுவும் போதைதானே? விரதம் இருந்து காவடி எடுங்க, முருகன் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுவான்" என்று சொல்லியிருக்கிறார். அவர் அன்றோடு மருந்தை நிறுத்திவிட்டார். உடம்பு முறுக்கியது, வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லை. உடம்பில் இருக்கிற அழுக்கு வெளியேறுகிறது என்று வீட்டுக்குச் சமாதானம் சொன்னார்கள். காவடி எடுத்தார், எல்லாரும் பாராட்டினார்கள். சில வாரத்தில் மறுபடி ஹெராயின், அதுவும் பழைய அளவில். மனைவி வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய ஒரே காரணத்தால் ஆள் பிழைத்தார். பட்டறை வேலை போனது.

சொன்ன தொண்டர் கெட்டவர் இல்லை. மெத்தடோன் என்ன செய்கிறது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், உடம்பு அடுத்ததைக் கேட்கும். மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். அதனால் தினம் ஒரு வேளை போதும். அளவு சரியாக அமைந்துவிட்டால் மயக்கமும் இருக்காது, முறுக்கலும் இருக்காது. அந்த மனிதர் ஸ்பானரைப் பிடித்து வேலை செய்தது அதனால்தான். குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பலருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வருடக்கணக்கில் எடுப்பதும் சகஜம்தான். நிறுத்த ஆசை வந்தால் டாக்டரோடு பேசி மாதக்கணக்கில் இறக்கலாம், ஒரே நாளில் முடியாது.

மலேசியாவில் 2005இல் இந்தச் சிகிச்சை தொடங்கியதற்கு எச்ஐவியும் ஒரு பெரிய காரணம். 2002இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவானது, அன்று பெரும்பாலும் ஊசியைப் பகிர்ந்துகொண்டதால்தான். இன்று அந்த வழியாகப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். மருந்தைக் கேவலமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இன்னும் சில விஷயங்கள். மருந்து எடுத்துக்கொண்டே விரதம் இருக்கலாம், காவடியும் எடுக்கலாம். தொடர்ந்து மூன்று நாள் தவறிவிட்டால் பழைய அளவைத் தாங்களாகவே குடிக்கக் கூடாது, டாக்டர் மறுபடி பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். மெத்தடோனோடு சம்சுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். காசநோய்க்கு ரிபாம்பிசின் ஆரம்பித்தால் மெத்தடோன் உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும், பழைய அளவு போதாது. அந்த நேரத்தில் ஆள் கூடுதலாகக் கேட்டால், "ஏமாற்றப் பார்க்கிறான்" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

## சியாபுவுக்கும் மெத்தடோன் கேட்பது

அது ஹெராயின் வகைக்கு மட்டும். சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை, கவுன்சலிங்தான் வழி. கூடவே ஷிப்டை மாற்ற முடியுமா என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள்.

## வெளியே வரும் நாளை விருந்தாக்குவது

போதை மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ ஆள் வருகிறார் என்றால் புதியவர்கள் மாலை வாங்குகிறார்கள், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் ஹெராயின் எடுத்தவருக்கு முதல் சில வாரம்தான் அதிக ஆபத்து. உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும், கையோ பழைய அளவையே எடுக்கும். அதனால் அவர் வருவதற்கு முன்பே கிளினிக் தேதி வாங்கிவிடுங்கள். பழைய கூட்டாளிகள் இருக்கிற லோரோங்கை (சந்தை) தவிர்த்து வேறு உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று கேளுங்கள். முதல் வாரம் தினமும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டாருக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, குறட்டை மாதிரி மூச்சு வந்து, உதடு நீலமானால் அது தூக்கம் இல்லை. தண்ணீர் ஊற்றாதீர்கள், வாயில் எதையும் போடாதீர்கள், "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 999ஐ அழைத்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.