இருட்டில் எரியும் மாதிரித் தெருவிளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளுக்கு, இருட்டியதும் தானாக எரியும் தெருவிளக்கு மாதிரி பழக்கமான ஒன்று. 1843-இல் கட்டப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைத் தெர்மாகோலில் வெட்டி, கைப்பிடிச் சுவர் நெடுக வெள்ளை எல்.இ.டி.களை நட்டு, நடுவே ஒளியை உணரும் ஓர் எல்.டி.ஆரைப் பொருத்தினால் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். அது மேசையில் மக்கர் செய்யும்போது பிள்ளைகள் முதலில் விளக்கை எரித்து அணைக்கும் டிரான்சிஸ்டரைத்தான் மாற்றுகிறார்கள்; கோளாறோ பெரும்பாலும் எல்.டி.ஆர். வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது.

எல்.டி.ஆரின் மின்தடை வெளிச்சத்தில் குறையும், இருட்டில் கூடும். மாதிரி விளக்கின் ஒளி அதன் மேலேயே விழுந்தால், எரியத் தொடங்கிய விளக்கே தன்னை அணைக்கப் பார்க்கும். ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றில் இதனால் விளக்குகள் அரைகுறையாக மங்கி நிற்கும். இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு விளக்கை எரிக்கவோ அணைக்கவோ செய்யும் கம்பரேட்டர் வைத்த சுற்றில் படபடவென்று மின்னும். கம்பரேட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு பின்னூட்ட ரெசிஸ்டர் சேர்த்தால் அந்தி நேரத் தடுமாற்றம் தீருமே தவிர, இந்தக் குறை முழுதும் தீராது. எல்.டி.ஆரை விளக்குகளுக்கு எட்டத்தில், முகம் மேல்நோக்கி இருக்கும்படி, ஒரு சிறு கறுப்புக் குழாய்க்குள் இறக்கி வைப்பதே வழி. தெர்மாகோல் ஒளியைத் தன்னுள்ளும் கடத்துவதால், பாலத்தின் பக்கவாட்டில் எரியும் எல்.இ.டி.யின் வெளிச்சம், எல்.டி.ஆரை இறக்கிய துளையின் சுவர் வழியாகவும் கசிந்து வரும். ஆகவே துளையின் உட்புறத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்ட வேண்டும்.

அடுத்த தவறு, திருகி மின்தடையை மாற்றக்கூடிய பிரீசெட்டுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த ரெசிஸ்டரைப் போடுவது. 9 வோல்ட் மின்கலத்தில், நேர்முனைக்கும் டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டுக் காலான பேஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம் போட்டு, எல்.டி.ஆரைப் பேஸுக்கும் எதிர்முனைக்கும் நடுவே வைத்தால், டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் 0.65 வோல்ட்டைப் பேஸ் தொட எல்.டி.ஆர். 800 ஓம் அளவு இருந்தாலே போதும். அறையின் சாதாரண வெளிச்சத்திலேயே விளக்கு எரிந்துவிடும். 100 கிலோ ஓம் ஆக்கினால் அந்த எல்லை 8 கிலோ ஓம் அருகே போகிறது. வெயிலில் வீட்டு முற்றத்தில் சரிசெய்த மாதிரி, ஆனி, ஆடிச் சாரலில் மூடம் போட்டிருக்கும் செங்கோட்டைப் பள்ளி அரங்கில் பகலிலேயே எரிந்தால் வியப்பில்லை. 100 கிலோ ஓம் பிரீசெட்டை அந்த அரங்கிலேயே திருகிச் சரிசெய்ய வேண்டும். பிரீசெட்டைச் சுழியம் வரை திருகினால் பேஸுக்கு முழு மின்னழுத்தமும் போய் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும் என்பதால், அதனுடன் தொடராக ஒரு 4.7 கிலோ ஓம் இருப்பது நல்லது.

எல்.டி.ஆரும் ரெசிஸ்டரும் இடம் மாறினால் விளக்கு பகலில் எரியும், இரவில் அணையும். கண்ட உடனே புரியும் தவறு என்பதால் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இச்சுற்றில் போடும் சிறு டிரான்சிஸ்டரான பி.சி.547 தாங்குவது 100 மில்லி ஆம்பியர் மட்டுமே. அது மட்டுமன்று, 100 கிலோ ஓம் வழியே பேஸுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியரைக்கூட எட்டாது, அதை வைத்துப் பத்து விளக்குகளை ஒழுங்காக எரிக்க முடியாது. பி.சி.547-இன் எமிட்டர் காலிலிருந்து, கூடுதல் மின்னோட்டம் தாங்கும் ஒரு பி.டி.139 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு இணைப்பதே எளிது. அப்போது தொடக்க மின்னழுத்தம் ஏறக்குறைய 1.3 வோல்ட் ஆகிவிடுவதால் பிரீசெட்டை மறுபடி திருக வேண்டும். எல்லா எல்.இ.டி.களையும் இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் விடுவது தவறு, ஏனெனில் அவை மின்னோட்டத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, ஒவ்வொரு சோடிக்கும் தனியாக 220 ஓம் கொடுக்கலாம்.

எல்.டி.ஆரை விரலால் மூடிச் சோதிப்பதும் சரியன்று: விரல் வழியே சிறிது ஒளி ஊடுருவும், கால்களில் விரல் பட்டால் தோலின் மின்தடையும் சுற்றில் சேர்ந்துகொள்ளும். கறுப்புப் பேனா மூடியைக் கவிழ்த்துப் பார்க்கலாம். ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சைச் சேர்ப்பவர்கள் அதன் சுருளுக்குக் குறுக்கே, எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டையோடைப் போட மறக்கக் கூடாது. 230 வோல்ட் விளக்கை எரித்துக் காட்டும் ஆசையை மட்டும் பிள்ளைகள் கூடும் மேசைக்குக் கொண்டுவரவே கூடாது.