ஆண்ட்ராய்டு செயலியில் எச்டிடிபி நூலகத்தை மாற்றுவது: படிப்படியாக

ஒரே நிரல், ஒரே சர்வர். புதிய போனில் வானிலைப் பட்டியல் உடனே வந்துவிடுகிறது. பழைய போனில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் பெரும்பாலும் உங்கள் நிரலில் இல்லை. இணையத்தோடு பேசும் எச்டிடிபியூஆர்எல்கனெக்‌ஷன் என்ற நூலகம் இயங்குதளத்தின் பகுதி. போனில் எந்த ஆண்ட்ராய்டு இருக்கிறதோ, அதன் வயதுதான் நூலகத்துக்கும்.

ஆண்ட்ராய்டு 2.2க்கு முன், முழுவதும் படிக்காத இன்புட் ஸ்ட்ரீமை மூடினால், மறுபயன்பாட்டுக்கென வைத்திருக்கும் இணைப்புகளே கெட்டுப்போகும் பிழை அதில் இருந்தது. 2.3இல்தான் ஜிஜிப் சுருக்கம் தானாக வந்தது; 4.0இல்தான் பதில்களைச் சேமித்துவைக்கும் கேஷ் வந்தது. 4.4 முதல் அதன் உள்ளே இயங்குவது ஸ்கொயர் நிறுவனம் எழுதிய ஓகேஎச்டிடிபியின் பிரதிதான். ஆனால் அந்தப் பிரதி போனோடு உறைந்துபோனது. அதே நூலகத்தின் புதிய பதிப்பை நம் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்பினால், எல்லாப் போனிலும் ஒரே நடத்தை கிடைக்கும். அதைத்தான் இங்கே கோட்லின் மொழியில் செய்யப்போகிறோம்.

முதல் படி: எங்கெல்லாம் இருக்கிறது?

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தி, ஓப்பன்கனெக்‌ஷன் என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய திட்டமாக இருந்தால் அபாச்சி என்றும் தேடுங்கள். ஆண்ட்ராய்டோடு வந்த இன்னொரு நூலகமான அபாச்சி எச்டிடிபிகிளையன்ட் 6.0இல் நீக்கப்பட்டுவிட்டது. செயலியைக் கட்டியெழுப்பும் கருவியான கிரேடிலில் யூஸ்லைப்ரரி என்ற வரியைச் சேர்த்து அதற்கு உயிர்கொடுத்துவைத்திருக்கும் திட்டங்கள் இன்னும் உண்டு. நீங்கள் எழுதாத நிரலும் இணையத்துக்குப் போகலாம்: படங்களை இறக்கும் கிளைடு, தனியாகச் சொல்லாவிட்டால், இயங்குதளத்தின் நூலகத்தையே பயன்படுத்துகிறது. அதற்கென ஓகேஎச்டிடிபி இணைப்புத் தொகுப்பு தனியாகக் கிடைக்கும்.

இரண்டாம் படி: கிரேடிலில் ஒரு வரி

செயலியின் பில்ட் கோப்பில், டிபென்டென்சீஸ் பகுதிக்குள் இம்ப்ளிமென்டேஷன் என்று தொடங்கும் வரியாக ஓகேஎச்டிடிபியைச் சேருங்கள். 4.12.0 அல்லது அதற்குப் பிந்தைய நிலையான பதிப்பு போதும். குழுவின் பெயரின் இறுதியில் 3 என்ற எண் இருக்கும். பழைய பதிப்பை எடுத்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், பதிப்பு 4க்கும் 5க்கும் அதே பெயர்தான். செயலி ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழேயும் ஓட வேண்டுமானால் இது உதவாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு கிளையன்ட்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஓகேஎச்டிடிபிகிளையன்ட் உருவாக்காதீர்கள். ஒவ்வொரு கிளையன்டுக்கும் சொந்தமாக இணைப்புத் தொகுப்பும் த்ரெட் (நிரல் ஓடும் இழை) தொகுப்பும் உண்டு. சும்மா இருக்கும் 5 இணைப்புகளை 5 நிமிடம்வரை அது திறந்துவைத்திருந்து, அடுத்த கோரிக்கைக்குக் கொடுக்கும். திரைக்குத் திரை புதிதாக உருவாக்கினால் அந்தச் சேமிப்பு வீண். கோட்லினில் ஆப்ஜெக்ட் ஒன்றை எழுதி, அதற்குள் கிளையன்டை ஒருமுறை உருவாக்கி, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். ஒரு கோரிக்கைக்கு மட்டும் வேறு அமைப்பு வேண்டுமானால், அதே கிளையன்டின் நியூபில்டர் வழியாகச் செய்யுங்கள், இணைப்புகள் பகிரப்படும்.

காத்திருப்பு நேரத்தையும் இங்கேயே தீர்மானியுங்கள். பழைய நூலகத்தில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கால வரம்பே இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்துக்கு இது முக்கியக் காரணம். ஓகேஎச்டிடிபியில் இணைக்க, படிக்க, எழுத என ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. பெரிய கோப்புகளை ஏற்றும் செயலி என்றால் எழுதும் நேரத்தைக் கூட்டுங்கள்.

நான்காம் படி: ஒரு கோரிக்கையை மாற்றி எழுதுதல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எளிமையான ஒரு கெட் கோரிக்கையில் தொடங்குங்கள். ரிக்வெஸ்ட் பில்டருக்கு முகவரியைக் கொடுத்து பில்டு செய்யுங்கள். கிளையன்டின் நியூகால் முறைக்கு அதை அனுப்புங்கள். முடிவில், கோரிக்கையைப் பின்னணியில் ஓடவிடும் என்க்யூவை அழையுங்கள். எக்ஸிக்யூட் என்ற முறையும் உண்டு, ஆனால் அது பதில் வரும்வரை அந்த த்ரெடையே நிறுத்திவைக்கும். திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெடில் அழைத்தால் ஆண்ட்ராய்டு செயலியையே முறித்துவிடும்.

என்க்யூவுக்கான பதில் பின்னணி த்ரெடில் வந்து சேரும் என்பதை மறக்க வேண்டாம். அங்கிருந்து நேராக டெக்ஸ்ட்வியூவைத் தொட்டால் செயலி நின்றுவிடும். ரன்ஆன்யூஐத்ரெட் வழியாகத் திரைக்குக் கொண்டுவாருங்கள்.

ஐந்தாம் படி: நடத்தை மாறும் இடங்கள்

வரிகளை மாற்றுவது அரை மணி நேர வேலை. உண்மையான வேலை இங்கேதான்.

சர்வர் 404 அனுப்பினால், பழைய நூலகத்தில் கெட்இன்புட்ஸ்ட்ரீம் ஃபைல்நாட்ஃபவுண்ட் எக்செப்ஷனை எறியும். உங்கள் கேட்ச் பகுதி அதைப் பிடித்துக்கொள்ளும். ஓகேஎச்டிடிபிக்கு 404உம் முறையாக வந்த பதில்தான். என்க்யூவுக்கு நீங்கள் கொடுத்தவற்றில், தோல்விக்கான ஆன்ஃபெயிலியர் அழைக்கப்படாது, பதிலுக்கான ஆன்ரெஸ்பான்ஸ் அழைக்கப்படும். நிலை எண்ணைப் பார்க்காமல் விட்டால், சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல் பிழைப்பக்கத்தை ஜேசன் வடிவத் தரவு என்று நம்பி, அதைப் பிரித்துப் படிக்கும் பார்சருக்குக் கொடுப்பீர்கள். அது முதல் எழுத்திலேயே தடுக்கி விழும். ஆன்ரெஸ்பான்ஸில் முதல் வரியாக இஸ்சக்சஸ்ஃபுல் உண்மையா என்று சோதியுங்கள்.

அடுத்தது பாடியின் ஸ்ட்ரிங் முறை. அதை ஒருமுறைதான் அழைக்க முடியும். லாகில் அச்சிட ஒரு தடவை, ஜேசனாக மாற்ற இன்னொரு தடவை என்று அழைத்தால் இரண்டாவது அழைப்பு முறியும். ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு இரண்டு வேலைக்கும் பயன்படுத்துங்கள். பதிலை யூஸ் தொகுதிக்குள் வைத்தால் அது தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் இணைப்பு கசியும்.

எந்தச் சுருக்கம் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் அக்செப்ட்என்கோடிங் தலைப்பை நீங்களே எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எழுதினால், சுருக்கத்தை விரிப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். குக்கிகளும் இயல்பாகச் சேமிக்கப்படுவதில்லை. லாகின் உள்ள செயலிக்கு, குக்கிகளைச் சேமிக்கும் குக்கிஜார் அமைக்க வேண்டும்.

ஆறாம் படி: சோதனை

கோரிக்கையையும் பதிலையும் லாகில் அச்சிடும் லாகிங் இன்டர்செப்டரை டீபக் பதிப்பில் மட்டும் சேருங்கள். வெளியீட்டுப் பதிப்பில் விட்டுவைத்தால் கடவுச்சொற்கள் லாகில் போய் உட்காரும். விமானப் பயன்முறையில் ஒருமுறை, இல்லாத முகவரிக்கு ஒருமுறை என்று ஓட்டிப் பாருங்கள். பிறகு கிரேடிலில் அபாச்சிக்கான வரி இருந்தால் நீக்குங்கள். மாற்றாமல் விட்ட கோப்பை கம்பைலர் காட்டிக்கொடுக்கும்.

நூலகத்தை மாற்றினாலும், எந்தச் சர்வரை நம்பலாம் என்று முடிவுசெய்ய உதவும் சான்றிதழ்ப் பட்டியல் போனுடையதுதான். சர்வர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழ் 7.1.1 முதலே ஆண்ட்ராய்டில் உண்டு. உங்கள் சர்வர் அதை நம்பியிருந்து, அதைவிடப் பழைய போனில் இணைப்பு மறுக்கப்பட்டால், ஓகேஎச்டிடிபியின் டிஎல்எஸ் துணைத்தொகுப்பைச் சேர்த்து, அதிலுள்ள ஹேண்ட்ஷேக்சர்டிஃபிகேட்ஸ் வழியாக அந்தச் சான்றிதழையும் போனின் பட்டியலையும் சேர்த்தே கிளையன்டுக்குக் கொடுங்கள். இணையத்தில் சிலர் பரிந்துரைப்பதுபோல் எல்லாச் சான்றிதழையும் நம்பும் டிரஸ்ட்மேனேஜரை மட்டும் எழுதிவிடாதீர்கள். இடையில் யார் உட்கார்ந்து படித்தாலும் செயலிக்குத் தெரியாது.