கருத்தடை வளையத்தைப் பயன்படுத்தும் முறை

நுவாரிங் வகைக் கருத்தடை வளையம் 54 மில்லிமீற்றர் விட்டமுடையது; விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்கும். யோனிக்குள் இருக்கும்போது இரு ஹோர்மோன்களைச் சிறிது சிறிதாக வெளியிட்டு, சூல்முட்டை வெளிவருவதைத் தடுக்கும். எமது அரச கிளினிக்குகளில் மாத்திரை, ஊசி, லூப் போன்றவையே வழமையாகக் கிடைக்கின்றன. ஆகவே வளையத்தை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்தாலும், வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், அண்மையில் குழந்தை பெற்றுப் பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவர்களிடம் இதன் பலன் குறைந்துவிடும்.

மாதவிடாயின் முதல் நாளில் வைத்தால் உடனே பாதுகாப்புக் கிடைக்கும். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைக்குள் வைத்தால் முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். கைகளைக் கழுவி, வளையத்தை இரு விரல்களால் அமுக்கி உள்ளே தள்ளினால் போதும். எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியமல்ல. உறுத்தினால் இன்னும் சற்று உள்ளே தள்ளலாம். உண்மையில் பிசகுவது நாட்கணக்கில்தான். 21 நாட்கள் உள்ளே, 7 நாட்கள் வெளியே. வெள்ளிக்கிழமை வைத்தவர், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும், இடைவெளி முடியும் வெள்ளிக்கிழமையே புதியதை வைக்கவேண்டும்.

முதல் இரு வாரங்களில் வளையம் நழுவி 3 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், சுடுநீரில் அல்லாது குளிர்ந்த நீரில் அலசி உடனே திரும்ப வைத்து, 7 நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்தவேண்டும். மூன்றாம் வாரமாயின் அதை எறிந்துவிட்டு வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மாதவிடாயைத் தள்ளிப்போடத் தனியாக மாத்திரை வாங்குவோர் பலர். வளையம் பயன்படுத்துபவர் அதற்கு முன் வைத்தியரிடம் கேட்கட்டும். இடைவெளி விடாமல் அடுத்த வளையத்தை வைப்பதே பெரும்பாலும் போதுமானது.

மேலதிக வளையங்களை வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. மருந்தகத்தில் வாங்கியபின், 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் 4 மாதங்கள் வரை வைத்திருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழுள்ள அலுமாரி அந்த அளவைத் தாண்டுவது புதினமல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டே பாதுகாப்பானது.

கெண்டைக்காலில் வீக்கத்துடன் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீரெனக் கடும் தலைவலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், வளையத்தை அகற்றிவிட்டு யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லவேண்டும்.