பல வருடம் நின்ற முதல் காரை எழுப்புவது எப்படி

முதன்முதலில் வாங்கிய காரை விற்க மனம் வராமல் கொட்டகையில் மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தார்ப்பாயை விலக்கியதும் கை நேராகச் சாவிக்குத்தான் போகும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அத்தனை வருடம் கெடாமல் இருந்த எஞ்சின், சாவியைத் திருப்பிய ஐந்தே விநாடியில் கெட்டுவிடலாம். துரு படிந்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உரசி உடையும். ஆயில் வடிந்துபோன பேரிங் காய்ந்தபடியே சுற்றும். டேங்கின் அடியில் கிடக்கும் துரு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேரும்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டரும் பாயிண்ட்டும் (பிளக்குக்குப் பொறி வர கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கு. வேலை முழுவதற்கும் ஒரே விதிதான்: உயிரைக் காப்பது எல்லாம் புதிதாக வேண்டும், கண்ணுக்கும் கைக்கும் பழகியது எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். பிரேக் ஹோஸை மாற்றத் தயங்காதீர்கள். விரல் பட்டுப்பட்டு வழவழத்த ஸ்டியரிங்கையும் கியர் குமிழையும் மாற்றாதீர்கள்.

எதையும் கழற்றும் முன் படம் எடுத்துவையுங்கள். எந்த வயர் எந்த ஸ்பார்க் பிளக்குக்குப் போகிறது, எந்தக் குழாய் எங்கே சொருகியிருக்கிறது என்பது பிறகு நினைவிருக்காது. பழைய பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் பாருங்கள். எலிக்கு இந்த இரண்டு இடமும் பிடிக்கும். எலி கடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றுங்கள். தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்து ஆயில். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் போல்ட்டைத் திறந்து வடிப்பதே ஒரு சோதனைதான். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, உள்ளே ஈரம் போயிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் ஃபியூவல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள்.

பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 10 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் முழுக்க ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றுங்கள். அசையவில்லை என்றால் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி நெம்ப வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சில நாள் பொறுத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். சுற்ற ஆரம்பித்ததும் வால்வு கவரைத் திறந்து, எல்லா வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் செல்ஃப் அடித்த நிமிடமே வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் வளைந்துவிடலாம்.

வால்வுகளை எஞ்சின் சுற்றோடு சேர்த்து இயக்குவது, பழைய கார் என்றாலே டைமிங் செயின்தான் என்று நம்பிவிடக் கூடாது. மினி, மோரிஸ் மைனர் போன்றவற்றில் செயின். 1969-ல் வந்த ஃபியட் 128-ல் பெல்ட். பெல்ட் இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ரப்பர் ஓடாமலே முதுமையடையும்.

பெட்ரோல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நாள்பட்ட பெட்ரோலில் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் வார்னிஷ் வாடையுடன் பிசினாக மாறும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். டேங்கை முழுவதும் வடித்துத் துருவைக் கழுவி எடுக்க வேண்டும். ஆனால் முதல் ஸ்டார்ட்டுக்கு அந்த டேங்கையே நம்பாமல், 2 லிட்டர் புதுப் பெட்ரோல் உள்ள தனி கேனிலிருந்து பம்புக்குக் குழாய் கொடுப்பதுதான் நல்லது. ரப்பர் பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும், எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோலே பழைய கார்கள் தீப்பிடிக்க ஒரு முக்கியக் காரணம்.

கார்புரேட்டரைத் திறந்து பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலைச் சுத்தம் செய்து, பெட்ரோல் பாயும் சிறு துளைகளான ஜெட்டுகளை கிளீனரும் காற்றழுத்தமும் கொண்டு ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது: பித்தளை மெத்தென்ற உலோகம், துளை கொஞ்சம் பெரிதானாலே பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும்.

பாயிண்ட் முகத்தில் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தால் கரண்ட் பாயாது. மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான அட்டையை இடையில் விட்டுத் துடையுங்கள். பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. அளவிலும், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரையிலும் இருக்கும், உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு.

இனி பிரேக். எஞ்சின் ஓடாவிட்டால் வருத்தம் மட்டும்தான், பிரேக் பிடிக்காவிட்டால் ஆபத்து. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தர விதி கேட்கும் குறைந்தபட்ச கொதிநிலை 155 டிகிரிதான். அதே ஈரம்தான், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. நான்கு சக்கரத்தையும் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் லீக். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கலாம். அப்படி வீங்கியிருந்தால், பெடலை மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். ஆகவே ஹோஸ், சீல், ஆயில் மூன்றும் புதிது. பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்போது, கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்.

டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் (இது பிரேக் ஆயில் டாட் அல்ல) கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2309 என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. டயரின் பட்டன் (சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் சாலைக்குப் போக வேண்டாம். ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தாலும் கூழாக இருந்தாலும் மாற்றுங்கள்.

இப்போது புது பேட்டரி. பிளக் இல்லாமல், துளைகள்மேல் துணி போட்டு, பொறிக்கான மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 10 விநாடி செல்ஃப் அடித்து ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். டாஷ்போர்டிலுள்ள ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை இதையே செய்யுங்கள். அணைந்த பிறகு பிளக்கையும் காயிலையும் மாட்டி, காரைத் திறந்த வெளியில் வைத்து, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யலாம். முதலில் வரும் நீலப்புகை நீங்கள் ஊற்றிய ஆயில். சில நிமிடத்தில் குறையும். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் விளக்கு மறுபடி எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கலாம். கிளட்ச் பெடலைக் கட்டையால் அழுத்திவைத்து ஓர் இரவு விட்டால் பல நேரம் தானாக விடுபடும்.

முதல் ஓட்டம் நடக்கும் வேகத்தில், பிரேக்கைச் சோதிக்க மட்டும். திரும்பியதும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மறுபடி மாற்றுங்கள். ஊறிய கசடு இப்போதுதான் வெளியே வரும்.

பெயிண்ட்டுக்கு அவசரமே இல்லை. கழுவிக் காயவைத்து, வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுக் கண்ணில் படாத ஓரிடத்தில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் மேலே நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் இல்லை. அப்படியானால் கையாலேயே பாலிஷ் போடுங்கள். கதவு, பானட் விளிம்புகளில் மெஷின் வைக்காதீர்கள். அங்கே பெயிண்ட் மிக மெல்லியது, ஒரு சுற்றிலேயே பிரைமர் தெரிந்துவிடும்.