வாக்காளர் பட்டியலில் உங்கள் வீடு உள்ள பக்கத்தைச் சரிபார்ப்பது எப்படி?

வாக்காளர் அட்டை கையில் இருப்பதாலேயே வாக்குரிமை உறுதியாகிவிடாது. வாக்குச்சாவடியில் முதலில் பார்க்கப்படுவது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான். அந்தப் பெயருக்குரியவர் நீங்கள்தான் என்பதற்கு மட்டுமே அட்டை சான்றாகிறது. அட்டையை மறந்தவர் ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ காட்டி வாக்களித்துவிடலாம், ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர் எதைக் காட்டினாலும் திரும்பித்தான் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய, வீடு வீடாகச் சென்று பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (SIR) பிறகு, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. பட்டியலைத் தூய்மைப்படுத்துவது அவசியமான பணிதான். ஆனால் அந்தப் பணியில் நேரும் தவறு எப்படிப்பட்டது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பேத்தியின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூர் போயிருந்த ஒரு மூதாட்டியின் வீடு பூட்டிக் கிடந்ததால், அவர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று பெயர் நீக்கப்பட்டிருந்தது. அதே பக்கத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமான அவர் கணவரின் பெயர் அப்படியே இருந்தது. இரண்டும் பிழைதான், இரண்டையும் திருத்தியாக வேண்டும். அதனால்தான் உங்கள் பெயரை மட்டும் தேடிப் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் வீடு இருக்கும் பக்கம் முழுவதையும் படிக்க வேண்டும் என்கிறேன்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அட்டையில் உள்ள, மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட எண்ணைக் கொடுத்துத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள். பெயரைக் கொண்டும் தேடலாம், ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவதால் ஓர் எழுத்து மாறினாலும் பெயர் இல்லை என்றே காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். சாய்கோடுகளுடன் கூடிய நீண்ட பழைய எண் உங்கள் அட்டையில் இருந்தால், புதிய எண்ணை 1950 என்ற உதவி எண்ணிலோ, உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ (BLO) கேட்டுப் பெறுங்கள்.

தேடலில் கிடைக்கும் பாகம் எண்ணையும் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பட்டியல் பகுதியே பாகம்) வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்தப் பாகத்தின் பட்டியலைப் பதிவிறக்கம் செய்யுங்கள். இணையத்தில் புகைப்படங்கள் தெரியாது. ஒவ்வொருவருக்கும் உரிய கட்டத்தில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அட்டை எண் ஆகியவை இருக்கும். பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் கலந்து கிடக்கும் தெருக்களில், ஒரே வீட்டார் இரண்டு மூன்று இடங்களில் சிதறியிருப்பது சாதாரணம் என்பதால், ஒரே இடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பட்டியலின் கடைசியில் துணைப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள், ஏனென்றால் புதிய சேர்க்கைகளும் நீக்கங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிழை கண்ணில் பட்டதும் எந்தப் படிவம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதன்முறையாகச் சேர்பவர்களுக்கும், பெயர் நீக்கப்பட்டு மீண்டும் சேர விரும்புபவர்களுக்கும் உரியது படிவம் 6. பெயர், வயது, முகவரி திருத்தத்துக்கும், வேறு தொகுதிக்கே குடிபெயர்ந்திருந்தாலும் பதிவை மாற்றிக்கொள்வதற்கும் உரியது படிவம் 8. வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுக்காமல் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடுவதாலும், திருமணமான பெண்ணின் பெயர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இருந்துவிடுவதாலும் இரட்டைப் பதிவுகள் பெருகுகின்றன. 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் இரண்டு இடங்களில் பதிவு பெறுவதைத் தடை செய்கிறது. படிவத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி அளிப்பதற்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இந்தத் தண்டனை படிவம் 7க்கும் பொருந்தும். இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்கக் கோரும் இந்தப் படிவத்தை வீட்டில் ஒருவர் காலமானபின் குடும்பத்தாரே கொடுத்துவிடுவது நல்லது. துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் வேறொருவர் வாக்களிக்க இடம் வைக்கக்கூடாது. அடுத்தவர் பெயருக்கு எதிராக, நேரில் அறியாமல் யாரோ சொன்னதை நம்பி ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

எந்தப் படிவம் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டையோ இணைய விண்ணப்ப எண்ணையோ பத்திரப்படுத்துங்கள். ஒருவர் அங்கே வசிக்கவில்லை என்று பெயரை நீக்குவதற்கு முன், அவர் தரப்பைக் கேட்க உரிய வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று மேலே சொன்ன 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அறிவிப்பு வந்தால் அலட்சியம் செய்யாமல், குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது போன்ற வசிப்பிடச் சான்றுகளுடன் விசாரணைக்குப் போய்விடுங்கள். அறிவிப்பே வராமல் நீக்கப்பட்டிருந்தால், அதையே எழுத்தில் குறிப்பிட்டு முறையிடுங்கள். வாக்காளர் பதிவு அதிகாரியின் ஆணையில் நிறைவில்லை என்றால் 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடமும், அவர் முடிவிலும் நிறைவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் 18 வயதைக் கணக்கிடும் தகுதி நாள்களாக 2022 முதல் இருப்பதால், வீட்டில் உள்ள இளையவர்கள் ஆண்டுத் தொடக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொகுதியில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், வாக்குப்பதிவு நாளில் உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்று சொல்லப்பட்டால், வாக்குவாதம் செய்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். நேராக வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சென்று, தேர்தல் நடத்தை விதி 49P-இன் கீழ் ஆய்வுக்குரிய வாக்கு (tendered vote) அளிக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நீங்கள் யார் என்பதில் அவர் நிறைவடைந்தால், இயந்திரத்தில் அல்லாமல் வாக்குச்சீட்டில் வாக்களிக்க அனுமதிப்பார். உங்கள் விவரம் தனிப்படிவத்தில் பதிவாகி, கையெழுத்தும் பெறப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அந்த வாக்கு சேராது. ஆனால் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கு வந்தால், ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அந்தச் சீட்டும் உங்கள் கையெழுத்தும் சான்றாக இருக்கும்.