ஐப்பசி மழையில் பைக்கில் மலையேறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து கொடைக்கானல், போடிமெட்டு, குமுளி என்று பைக்கில் கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். மலை பச்சை கட்டியிருக்கும், அருவிகளில் தண்ணீர் கொட்டும், போகத்தான் தோன்றும். போங்கள். ஆனால் வெயில் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு மழையில் கிளம்பாதீர்கள். நான் பார்த்தவரையில் மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வெயில் நாளில் மூன்றரை மணி நேரம் ஆகும் என்றால், மழை நாளில் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்பது மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பி, சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்பது நடக்காத காரியம். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. போதாததற்கு, இந்தப் பருவத்தில் பல நாள்களில் காலையில் வானம் வெளுத்திருந்து, பிற்பகலுக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். அதாவது நீங்கள் மலை இறங்கும் நேரத்தில். விடியற்காலையில் கிளம்புங்கள். மாலையில் மழை வலுத்தால் மேலேயே தங்கிவிடும் ஏற்பாட்டோடு போங்கள். மறுநாள் அலுவலகம் போயாக வேண்டும் என்ற நிலையில் மழைக்காலத்தில் மலைக்குப் போவதே தவறு.

அடுத்தது, தூறல் விழுந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்குவது. நனைவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். மழை தொடங்கும் முதல் 15, 20 நிமிடங்கள்தான் தார்ச் சாலை மிக மோசமாக வழுக்கும் நேரம். பல நாள்களாகச் சாலையில் சொட்டிக் கிடந்த எண்ணெயும் டயர் தேய்ந்த கரியும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். நல்ல மழை பெய்து அதைக் கழுவிய பிறகு பிடிமானம் ஓரளவு திரும்பும். அந்த நேரத்தை ஒரு டீக்கடையில் கழித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். வழுக்கலிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. நான்கு வழிச்சாலையில் திருமங்கலம் தாண்டி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரை போகிறவர்கள் கரிசல் மண்ணை மறக்கக் கூடாது. வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிவரும் அந்தக் களிமண், நனைந்தால் சாலையில் பூசிய சோப்பு. சுங்கச்சாவடி வாசலில் லாரிகள் நின்று நின்று சொட்டிய எண்ணெய், பாலங்களின் இரும்பு இணைப்புகள், தடித்த வெள்ளைக் கோடுகள் ஆகியவற்றின் மீது போகும்போது வண்டியை நிமிர்த்தியே வைத்திருங்கள். அங்கே சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது.

டயரில் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிமானம் கூடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சேற்றுப் பாதைக்கு அது ஓரளவு சரி. தார்ச் சாலைக்குத் தவறு. காற்று குறைந்த டயரின் பள்ளங்கள் நெரிந்துபோகும். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். நிறுவனம் சொன்ன அளவிலேயே காற்று இருக்கட்டும். இரு சக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நெடுந்தூரம் போகிறவர் அந்த எல்லை வரை காத்திருக்கவே கூடாது. டயர் மொட்டையாகத் தொடங்கிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. முன் பிரேக்கைத் தொட்டாலே வழுக்கிவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பது ஒன்று. மிதித்த வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக, முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். மற்றொன்று, ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் அது கட்டாயம்தான். ஆனால் பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டுமே அது வேலை செய்யும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்குமே தவிர, ஈரச் சாலையில் நிற்கும் தூரத்தை வெயில் நாளின் தூரமாகக் குறைத்துவிடாது. முன்னால் போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அதன் சக்கரம் தண்ணீரை விலக்கிய தடத்திலேயே உங்கள் சக்கரமும் போகட்டும்.

பின்னால் அமர்ந்திருப்பவர் குடை பிடிப்பதை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். மனைவி குடை விரிக்க, நடுவில் குழந்தை. எதிரே ஒரு லாரி காற்றை அடித்துக்கொண்டு கடந்தால் குடை வண்டியையே இழுத்துவிடும். இதைத் தெருவுக்குள்கூடச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே போர்த்திக்கொள்ளும் மழைக்கோட்டும், சேலை முந்தானையும், துப்பட்டாவும் செயினிலோ சக்கரத்திலோ சிக்கும். சட்டையும் பேன்ட்டுமாகத் தனித்தனியாக வரும் மழைக்கோட்டை, எளிதில் கண்ணில் படும் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ இருவருக்கும் வாங்குங்கள்.

ஒதுங்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே சாலையோரமாகவே வரிசையாக நிற்பவர்களை, வைசரில் தண்ணீர் வழிய வருகிற அடுத்த பைக்காரருக்குத் தெரியாது. பழைய சாலைகளில் புளியமரத்தடி வசதியாகத் தெரியும்; இடி இடிக்கும்போது அங்கே நிற்கவே கூடாது. பெட்ரோல் பங்க், கடை, கட்டடம் வரும்வரை மெதுவாகப் போய்ச் சேருங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். முன்னால் ஒருவர் கடந்துபோனார் என்பது காரணமே அல்ல. வைகை அணை 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கையும் விடுவார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு, மதுரையில் மழையே இல்லாவிட்டாலும் ஆற்றைக் கடக்க யானைக்கல் தரைப்பாலத்தை நம்பாதீர்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்வதும் தவறு. உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே உடைத்துவிடக்கூடும்.

மலையில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் நனைந்த பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதா? ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பஸ் திரும்ப வளைவின் முழு அகலமும் தேவைப்படும். மேகம் இறங்கிவிட்டால் ஹை பீம் வெண்திரையாக உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கைத் தாழ்த்தி, சாலையோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது செங்குத்தான மண்சரிவின் அடியில் நின்று படம் எடுக்காதீர்கள்.

குளிருக்கு என்று சொல்லிக் கொஞ்சம் குடித்துவிட்டு ஓட்டுவது இந்தப் பட்டியலிலேயே மிகக் கொடியது. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடேறியதுபோல் தோன்றும். உண்மையில் உடல் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். நனைந்த உடலில் காற்று அடிக்கும்போது அது உயிருக்கே ஆபத்து. விரல் மரத்து பிரேக் லீவரின் அழுத்தம் தெரியாமல் போனால் நிறுத்துங்கள். சூடாக ஏதாவது குடித்து, உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டு, விரல் வழிக்கு வந்த பிறகு கிளம்புங்கள். அதற்காகவே ஒரு சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துப் போக வேண்டும்.

வீடு வந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். மழை செயினிலிருந்த எண்ணெயைக் கழுவியிருக்கும். துடைத்து, உலரவிட்டு, அன்றே எண்ணெய் போடுங்கள். டிரம் பிரேக் என்றால், காலையில் தெருமுனைக்குள் இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய சாலைக்கு ஏறுங்கள்.