பழைய சிற்றலை ரேடியோவைப் பாட வைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் "பாடுதா பார்ப்போம்" என்று ப்ளக்கைச் செருகத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த ரேடியோவில் கண்டென்சர்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தைக் கசியவிடும் நிலையில் இருக்கும். ஸ்விட்ச் போட்ட சில நிமிடங்களில் மெயின் டிரான்ஸ்பார்மரே புகைந்து போகலாம். கண்டென்சர் எங்கேயும் கிடைக்கும், அந்த மாடலின் டிரான்ஸ்பார்மர் கிடைக்காது. கிடைக்காததைக் காப்பாற்றவே கீழே சொல்லும் வரிசை.

எதை வாங்குவது?

முதல் ரேடியோ எளியதாக இருக்கட்டும். ஐந்தாறு வால்வு, மெயின் டிரான்ஸ்பார்மர், மீடியம் வேவ், இரண்டு சிற்றலை பேண்ட், அவ்வளவு போதும். ஐரோப்பிய ரேடியோ என்றால் இசிஎச்81, இஎஃப்89, இஎல்84 போன்ற வால்வுகள் இருக்கும். அமெரிக்க ரேடியோ என்றால் 6எஸ்ஏ7, 6எஸ்கே7, 6வி6. இவையெல்லாம் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டவை, இன்றும் தேடினால் கிடைக்கும்.

பெயர் பெற்ற மாடல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நேஷனல் எச்.ஆர்.ஓ.வில் பேண்ட் மாற்ற, சுருள்கள் அடங்கிய பெட்டியையே உருவி வேறொன்றைச் செருக வேண்டும். அந்தப் பெட்டிகள் இல்லாமல் ரேடியோவை மட்டும் வாங்கிப் பயனில்லை. ஜெனித் டிரான்ஸ்-ஓஷியானிக் 1942-ல் வந்தது. 1950-களின் வால்வு மாடல்களில் இருக்கும் 1எல்6 வால்வு அரிது என்பதால், அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38, 1946-ல் ரேமண்ட் லோவி வடிவமைத்த அழகான பெட்டி. ஆனால் அதில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது, ஆபத்து அதிகம். காலின்ஸ் ஆர்-390ஏ-யில் இருபதுக்கும் மேற்பட்ட வால்வுகளும் பல்சக்கரங்களும் இருக்கும். முதல் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது "பாடுமா" என்று கேட்காதீர்கள். டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா, கேங் கண்டென்சரின் (நிலையம் தேடும் குமிழோடு திரும்பும் பாகம்) தகடுகள் உரசாமல் திரும்புகின்றனவா, பேண்ட் ஸ்விட்ச் எல்லா நிலையிலும் நிற்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மின்கோளாறைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உடைந்த டயல் கண்ணாடிக்கு வழியில்லை.

ஷாக் விஷயம்

வால்வு ரேடியோவில் 250 வோல்ட் டிசி சர்வசாதாரணம். ப்ளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் (டிசியைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்) அது தேங்கி நிற்கும். 5 வாட், 2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த கிளிப்புகளோடு இணைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கண்டென்சரின் இரு முனைகளில் மாட்டி, தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு மீட்டரில் சுழி வந்ததா என்று பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோக்களில் மின்கம்பியின் ஒரு முனை சாஸியோடு (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) நேரடியாகவோ கிட்டத்தட்ட நேரடியாகவோ இணைந்திருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பைத் துண்டிப்பது) இல்லாமல் அவற்றின் மேல் வேலை செய்யக் கூடாது. அப்புறம், 110 வோல்ட் ரேடியோவை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை அன்றோடு முடிந்தது.

மின்சாரம் கொடுக்காமல் செய்யும் சோதனை

சாஸியை வெளியே எடுங்கள். எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், டயல் நூல் ஓடும் பாதையைத் தாளில் வரைந்து வையுங்கள். சர்க்யூட் படமும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

இனி மல்டிமீட்டர். மெயின் டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று (ப்ளக் பக்கம்) சில பத்து ஓம் காட்ட வேண்டும். உயர் மின்னழுத்தச் சுற்றின் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் (ஸ்பீக்கருக்கு முன்னால் இருப்பது) வால்வுப் பக்கம் சில நூறு ஓம். இங்கே மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டும் நன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கண்டென்சர் மாற்றுவது

உண்மையான வேலை இதுதான். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் காலப்போக்கில் ஈரம் உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். அளந்து பார்த்து நல்லதை விட்டுவைக்கலாமே என்று தோன்றும். சாதாரண மீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும், கசிவோ 200 வோல்ட்டில்தான் தெரியும். எனவே காகிதக் கண்டென்சர் அத்தனையையும் மாற்றிவிடுங்கள். அதே மதிப்பில் 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடலாம். மைக்கா, செராமிக் வகைகளைத் தொட வேண்டாம். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சிற்றலைச் சுருள்களோடு சேர்ந்தவற்றை மாற்றினால் டயல் அளவும் தவறிப்போகும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்கும் (சிக்னல் நுழையும் முனை) அதற்கு முந்தைய வால்வின் ஆனோடுக்கும் (சிக்னல் வெளியேறும் முனை) நடுவில் இருக்கும், பொதுவாக 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அது கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து கருகும். இதை மாற்றாமல் எந்த ரேடியோவுக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஃபில்டர் கண்டென்சர்களில் ப்ளஸ், மைனஸ் கவனம். மைனஸ் எப்போதும் சாஸிக்குத்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். சில சர்க்யூட்டுகளில் நடுவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பழையது எங்கே இருந்ததோ அங்கேயே புதியதையும் கொடுங்கள். "ஹம் குறையட்டும்" என்று 16 மைக்ரோஃபாரட் இடத்தில் 100 போடுவதும் தவறு. முதல் கண்டென்சர் பெரிதானால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு அதை நிரப்பும் வேகத்திலேயே தேய்ந்துவிடும். மெயின் கம்பிகளுக்குக் குறுக்கே கண்டென்சர் இருந்தால் அங்கே எக்ஸ் வகையும், கம்பியிலிருந்து சாஸிக்குப் போவதற்கு ஒய் வகையும் போட வேண்டும். இவை பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்டவை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுங்கள், சர்க்யூட் படத்தில் டிக் போடுங்கள். பழைய கண்டென்சர் கூட்டுக்குள்ளேயே புதியதை மறைத்து வைக்கும் கலை ஒன்று இருக்கிறது. அழகுதான், ஆனால் முதல் ரேடியோவுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை என்பது என் கட்சி.

ரெசிஸ்டர்களை ஒரு முனையைக் கழற்றி அளந்து, 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றினால் போதும்.

துடைப்பது

மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பேண்ட் ஸ்விட்சுக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கும் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் மட்டும். டயல் கண்ணாடியின் எழுத்துள்ள பக்கத்தில் ஈரத்துணியே படக் கூடாது. ஒரே இழுப்பில் ஊர்ப் பெயர்களெல்லாம் துணியோடு வந்துவிடும்.

முதல் மின்சாரம்

40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்கம்பியில் தொடராக இணையுங்கள். எல்இடி உதவாது. முதலில் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். பல்பு மங்கலாக இருந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். பளிச்சென்று எரிந்தால் உடனே நிறுத்துங்கள். சரி என்றால் ரெக்டிஃபையரைப் போட்டு மறுபடி பாருங்கள். பல்பு சற்றுப் பிரகாசித்து ஓரளவு மங்கி நிற்க வேண்டும். அவுட்புட் வால்வின் கிரிடில் பாசிட்டிவ் இல்லை என்று உறுதி செய்த பிறகே பல்பை எடுத்துவிட்டு முழு மின்சாரம் கொடுக்கலாம்.

கேட்டுப் பார்ப்பது

பத்து மீட்டர் கம்பியை ஏரியலாகக் கொடுத்து, மீடியம் வேவில் தொடங்குங்கள். அங்கே பாடி, சிற்றலையில் மட்டும் ஊமையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: பேண்ட் ஸ்விட்சின் அழுக்கு, கன்வெர்ட்டர் வால்வின் (வரும் அலையின் அதிர்வெண்ணை மாற்றுவது) வயது. தளர்ந்த வால்வு குறைந்த அதிர்வெண்ணில் ஆசிலேட் ஆகும் (தானே அலை உண்டாக்கும்), மேலே போகப் போக நின்றுவிடும்.

இரவில் 49, 41 மீட்டர் பேண்டுகளிலும் பகலில் 19, 16 மீட்டரிலும் தேடுங்கள். அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு நொடி டிக் ஒலிக்கும். சீனாவின் பிபிஎம் நிலையமும் இதே அதிர்வெண்களில் உண்டு. இவற்றில் ஒன்று கேட்டால் டயல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா நிலையத்திலும் ஊளைச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பிஎஃப்ஓ (மோர்ஸ் கேட்பதற்கான சுற்று) ஸ்விட்ச் உள்ள ரேடியோ என்றால் அது போட்டபடி இருக்கலாம்.

அலைன்மென்ட்

டயலும் நிலையங்களும் ஒத்துப்போகும்படி சுருள்களைச் சரிசெய்வது இது. கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும். ஐஎஃப் (எல்லா நிலையமும் ரேடியோவுக்குள் மாற்றப்படும் ஒரே அதிர்வெண்) எத்தனை என்று சர்வீஸ் தாளில் பாருங்கள். அமெரிக்க ரேடியோவில் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ், மற்றவற்றில் 452, 465, 470 என்று மாறும். சிக்னல் ஜெனரேட்டர் கொண்டு முதலில் ஐஎஃப்டிகள் (ஐஎஃப் டிரான்ஸ்பார்மர்கள்), அடுத்து ஆசிலேட்டர், பிறகு ஏரியல் பக்கம். ஆசிலேட்டரில் டயலின் மேல் முனைக்கு டிரிம்மர் (திருகித் திருத்தும் சிறு கண்டென்சர்), கீழ் முனைக்குச் சுருளின் கோர் (சுருளுக்குள் திருகும் துண்டு) அல்லது பேடர் (தொடராக இணைத்த கண்டென்சர்). ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், ஆகவே மாறி மாறிச் செய்ய வேண்டும்.

சிற்றலையில் ஒரு பொறி உண்டு. 455 ஐஎஃப் உள்ள ரேடியோவில் ஒரே நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மறுபடியும் கேட்கும். டிரிம்மரும் இரண்டு இடத்தில் உச்சம் காட்டும். ஆசிலேட்டர் மேலே ஓடும் வழக்கமான ரேடியோ என்றால் டிரிம்மரை அதிகம் தளர்த்திய நிலையில் வருவதுதான் சரியான உச்சம். கோரைத் திருப்பப் பிளாஸ்டிக் கருவி பயன்படுத்துங்கள். இறுகிப்போன கோரை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பிளந்துவிடும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிரான்ஸ்பார்மர் சூட்டைப் பாருங்கள். கை வைத்தே இருக்க முடிந்தால் சரி. எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு, காற்றோட்டத் துளைகளை அடைக்காமல் பின்மூடியைப் பூட்டுங்கள்.